மாஸ்டர் பெயர் என்ன?

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு வரும்போது பாதி வழியில் சன்வேக்குப் பிரியும் திருப்பம் வரும். அங்குள்ள பெரிய தங்கும் விடுதியில் 2022 ஜூனில் ஓர் உணவகம் திறந்தார்கள். வாசலில் பெரிதாக எழுதியிருப்பது சமையற்காரர் ஒருவரின் பெயர்: கோர்டன் ராம்சி. மலேசியாவில் அவர் பெயரில் வந்த முதல் கடை அதுதான். அங்கே பீஃப் வெலிங்டன் சாப்பிடப் போகிறவர்கள் ராம்சி உள்ளே நின்று கிண்டுகிறார் என்று நம்பிப் போவதில்லை. பெயருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அது அவர்களுக்கும் தெரியும்.

அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் வந்து பிரிக்பீல்ட்ஸில் இறங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஜாலான் ஸ்காட்டிலும் ஜாலான் துன் சம்பந்தனிலும் வாழையிலைக் கடைகளின் பின்கட்டில் விடியுமுன்னே அடுப்பு எரியத் தொடங்கும். சாம்பாருக்குப் பருப்பு வேகும். ஒரு பக்கம் பாகற்காயை மெல்லிசாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிசறி வைத்திருப்பார்கள்; பதினொரு மணிக்குள் அது மொறுமொறுவென்று வறுபட்டாக வேண்டும். மீன்கறிக்குப் புளி கரைப்பவருக்கு அளவுக்கரண்டி கிடையாது, கைதான் அளவு. இருபது வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறவருக்குக் கடையின் பெயர் தெரியும், முதலாளியின் பெயர் தெரியும், முதலாளி மகளுக்கு எப்போது கல்யாணம் என்பதுகூடத் தெரியும். மீன்கறி வைத்தவர் பெயர் தெரியாது. கேட்டால் ‘மாஸ்டர்’ என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

புகழ்பெற்ற சமையற்காரர்களின் சரிவுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர்களில் யாரும் குழம்பில் உப்புக் கூடிப்போனதால் விழவில்லை. வாடகை, வங்கிக் கடன், ஆள் பற்றாக்குறை, அரசாணை, குடும்பம், கேமரா என்று அடுப்புக்கு வெளியே இருந்தவைதான் அவர்களைச் சாய்த்தன. பிரிக்பீல்ட்ஸ் மாஸ்டரைச் சாய்ப்பவையும் இவையேதான். ஆனால் அவர் விழுந்தது செய்தியாகாது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

சன்வே பலகையில் இருக்கும் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸ்காட்லாந்தில் 1966-இல் பிறந்த ராம்சி, பந்தாட்டக்காரராக வரவேண்டும் என்று கிளம்பி, முழங்காலில் அடிபட்டுச் சமையலுக்கு வந்தவர். லண்டனில் மார்கோ பியர் ஒயிட்டிடமும் ஆல்பர்ட் ரூவிடமும், பிறகு பாரிஸிலும் வேலை கற்றார். 1993-இல் ‘ஓபர்ஜீன்’ உணவகத்தின் தலைமைச் சமையற்காரரானார். 1998-இல் அதைவிட்டு வெளியேறித் தன் பெயரிலேயே கடை வைத்தார். 2001-இல் அந்தக் கடைக்கு மூன்று மிஷலின் நட்சத்திரங்கள் கிடைத்தன. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதே 2001-இல் கிளாஸ்கோவில் ‘அமரில்லிஸ்’ என்ற கடையைத் திறந்தார். சொந்த நாட்டில் பேர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. அதற்கும் நட்சத்திரம் கிடைத்தது. ஆனாலும் 2004-இல் மூடவேண்டி வந்தது. வார நாட்களில் அவ்வளவு விலை கொடுத்துச் சாப்பிட ஊரில் ஆளில்லை. அதே ஆண்டில்தான், நொடித்துப்போகும் உணவகங்களுக்குள் புகுந்து முதலாளிகளைத் திட்டித் திருத்தும் அவருடைய தொலைக்காட்சித் தொடர் பிரிட்டனில் தொடங்கியது. உலகம் முழுக்கக் கடை விரித்த அவருடைய சொந்த நிறுவனமோ 2008 பொருளாதார நெருக்கடியில் வங்கிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் திவால் வாசலில் வந்து நின்றது. நிறுவனத்தை நடத்தி வந்தவர் மனைவியின் தந்தை கிறிஸ் ஹட்சிசன். 2010-இல் மாமனாரும் மருமகனும் பிரிந்தார்கள். ராம்சி நிறுவனத்தின் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையச் சதி செய்த வழக்கில் 2017-இல் ஹட்சிசனுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இடையில் 2013-இல் நியூயார்க் கடை தன் இரண்டு நட்சத்திரங்களையும் இழந்தது. மாமனார்–மருமகன் சண்டை, சொத்துச் சண்டை, கோர்ட்டு என்று நம் ஊர்த் தொடர் நாடகத்துக்குக் குறையாத கதை. அந்த நட்சத்திர இழப்பைத் தவிர இதில் வேறு ஓர் இடத்திலாவது ‘சாப்பாடு நன்றாக இல்லை’ என்ற வரி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜேமி ஆலிவர் கதை இன்னும் சுருக்கம். 2008-இல் தொடங்கிய அவருடைய இத்தாலிய உணவகக் கூட்டம் 2019 மே மாதம் ஒரே நாளில் சரிந்தது. பிரிட்டனில் அவருக்கிருந்த 25 கடைகளில் 22 உடனே மூடப்பட்டன. சுமார் ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஜேமியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அடுப்படியில் நின்றவர்கள், அவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

மலேசியாவின் கணக்கில் ‘செலிபிரிட்டி செஃப்’ என்றால் முதலில் வருபவர் செஃப் வான். இயற்பெயர் ரெட்சுவான் இஸ்மாயில், 1958-இல் பிறந்தவர். அவர் கணக்காளராகப் படித்து அந்த வேலையைப் பார்த்தவர் என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. அந்த நாற்காலியை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சமையல் படித்தார். ஆண்பிள்ளை கணக்கு வேலையை உதறிவிட்டுக் கரண்டி பிடிப்பதா என்று மலாய்க் குடும்பங்களும் கேட்கும், தமிழ்க் குடும்பங்களும் கேட்கும் காலம் அது. தொலைக்காட்சியும் சமையல் புத்தகங்களும் அவரை நாடறிந்தவர் ஆக்கின. பிறந்த ஆண்டையே பெயரில் சேர்த்து ‘டி.வான் 1958’ என்ற உணவகம் 2019-இல் ஜாலான் துன் ரசாக்கில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 2020 மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு ஆணை வந்தது. கணக்குப் படித்தவராலும் முன்கூட்டிப் போட முடியாத கணக்கு அது.

இனி பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பலாம்.

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளைத் தின்ற பிறகு, நகரத்தைச் செங்கல்லில் கட்டவேண்டும் என்று ஆங்கில நிர்வாகம் முடிவு செய்தது. செங்கற்சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்; பெயரே அதைச் சொல்கிறது. கோலாலம்பூரின் கடைசிச் சீனக் கப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளை இங்கே இருந்தது. பிறகு ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தொழிலாளரும் ரயில்வே குடியிருப்புகளில் வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தனியாள்களுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டியிருந்தது. மெஸ், ஒட்டுக்கடை, வாழையிலைக் கடை என்று அந்தச் சோறு வடிவம் எடுத்தது. 2001-இல் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. 2010 அக்டோபரில் அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைத்தார்கள். வளைவுகள், நீரூற்று, வண்ண விளக்குகள் எல்லாம் வந்தன. உடன் வாடகையும் ஏறியது.

வாழையிலைக் கடையின் பொருளாதாரம் விசித்திரமானது. உட்கார்ந்ததும் இலை விழும். சோறு, மூன்று காய், அப்பளம், ஊறுகாய், சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஒரே விலை. சோறும் காயும் குழம்பும் வேண்டிய மட்டும் கேட்கலாம். மறுபடி காசு இல்லை. ஒல்லியாக ஒருவர் வந்து நாலு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் முதலாளி சிரித்துக்கொண்டே வயிறு எரிவார். இலையில் லாபம் இல்லை. தட்டில் தனியாக வாங்கும் கோழி வறுவல், மட்டன் பிரட்டல், மீன் தலைக்கறியில்தான் கடை நிற்கிறது. அதாவது, மாஸ்டரின் கைப்பக்குவத்துக்கு என்று வாடிக்கையாளர் தனியாகக் கொடுக்கும் காசுதான் இலைச் சாப்பாட்டையும் தாங்குகிறது. வேறு எந்தச் சாப்பாட்டுக் கடை முறையிலும் சமையற்காரரை இவ்வளவு நேரடியாக நம்பி ஒரு தொழில் நிற்பதாகச் சொல்ல முடியாது. அப்படி நிற்கும் தொழிலில்தான் அவர் பெயர் வெளியே தெரிவதில்லை.

முதலாளிகளைக் கேட்டால் இதற்குக் காரணம் உண்டு. மாஸ்டரின் பெயர் தெரிந்தால் எதிர்க்கடைக்காரன் இருநூறு வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போவான். பெயரைப் பலகையில் போட்டால் நாளைக்கு அவர் போகும்போது பலகையை மாற்றவேண்டும். நியாயம்தான். இன்னொரு காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. மாஸ்டர் பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர், பெர்மிட்டில் இருப்பவர்.

கப்பல் காலத்தில் இந்தச் சிக்கல் இப்படி இல்லை. மதராஸிலோ நாகப்பட்டினத்திலோ ‘ரஜூலா’ கப்பல் ஏறினால் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று இறங்கலாம். ஓர் ஊர்க்காரர் கடை வைத்தால் அவர் தம்பி, மச்சான், அடுத்த தெருப் பையன் என்று அடுப்புக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. 1969-இல் நிலைமை மாறியது. முந்தைய ஆண்டு நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஆனது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் பெட்டி கட்டினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் துயரமாகவே இது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அப்போது பெட்டி கட்டிய சமையற்காரர்களைப் பற்றித் தனியாக யாரும் கணக்கெடுக்கவில்லை. ரஜூலாவுக்குப் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்துபோனது.

இப்போதைய முறை வேறு. சேவைத் துறையில் ஓர் அந்நியத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி. பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பொதுவாகப் பத்து ஆண்டு, நீட்டிப்புக் கிடைத்தால் பதின்மூன்று. அதற்குப் பிறகு ஊருக்குத்தான். சமையலில் பத்து ஆண்டு என்றால் என்ன? முதல் இரண்டு ஆண்டு பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, வறுவல் அடுப்புக்கு வந்து, பிறகு குழம்பு அடுப்பைத் தொட்டு, மலேசியக்காரருக்கு எவ்வளவு காரம், சீனர் வந்தால் எது கேட்பார், மலாய்க்காரர் வந்தால் எது கேட்பார் என்று கை பழகும் நேரத்தில் விமான டிக்கெட் எடுக்கவேண்டும். ராம்சிக்கு நியூயார்க் நட்சத்திரம் போனது பெரிய இழப்புத்தான். ஆனாலும் கை பழகிய வயதில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று அவரிடம் எந்த அரசாங்கமும் சொன்னதில்லை.

2018 நடுவில் இந்த ஆள் சிக்கல் உச்சத்துக்கு வந்தது. ஆட்சி மாறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மனிதவள அமைச்சராயிருந்த எம். குலசேகரன், 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவகங்களில் உள்நாட்டவரே சமையற்காரராக இருக்கவேண்டும் என்று அறிவித்தார். இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸும், இந்திய முஸ்லிம் உணவக உரிமையாளர்களின் பிரெஸ்மாவும் அலறின. ஆறு மாதத்தில் ஆளுக்கு எங்கே போவது? எதிர்ப்பு பலமானதும் அது யோசனைதான், முடிந்த கொள்கை இல்லை என்று அமைச்சர் தரப்பு பின்வாங்கியது. தமிழர் ஒருவர் மனிதவள அமைச்சராக வந்ததைக் கொண்டாடிய அதே கடைக்காரர்கள், சில வாரங்களிலேயே அவரை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அமைச்சர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. உள்நாட்டு உணவை உள்நாட்டவர் சமைக்கவேண்டும் என்பது பினாங்கு முன்பே அங்காடிக் கடைகளில் கொண்டுவந்த விதி. உள்நாட்டு இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்பதும் சரி. ஆனால் கிள்ளானில் பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பையன் ஏன் விடியற்காலையில் வந்து குழம்பு அடுப்பில் நிற்கவேண்டும்? குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி என்று ஏறியிருக்கிறது. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் தட்டுக் கழுவினாலும் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். சமையற்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் போகிறார்கள். அங்கே வெள்ளைச் சட்டையில் பெயர் தைத்துக் கொடுக்கிறார்கள். வாழையிலைக் கடையில் பனியனும் தோளில் ஒரு துண்டும்தான். சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் பெரியது என்று தோன்றுகிறது. 2023 மார்ச்சில் அந்நியத் தொழிலாளருக்கான புதிய விண்ணப்பங்களை அரசாங்கம் நிறுத்தி வைத்தபோது, ஊருக்குப் போன மாஸ்டருக்குப் பதில் ஆள் இல்லாமல் முதலாளிகளே கரண்டி பிடித்தார்கள்.

பெருந்தொற்றுக் காலம் இந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதித்தது. 2020 மார்ச்சிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுவது தடை, பிறகு அனுமதி, மறுபடி தடை என்று மாறி மாறி வந்தது. தடுப்பூசி முழுதாகப் போட்டவர்கள் மறுபடி கடைக்குள் உட்கார்ந்தது 2021 ஆகஸ்ட் 20 முதல்தான். பரிசாரகர் வாளியோடு வரிசையில் வந்து ஊற்றுவதும், கேட்டுக் கேட்டு வாங்குவதும், முடித்ததும் இலையை மடிப்பதும் இல்லாமல் வாழையிலைச் சாப்பாடு ஏது? ரசத்தைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுப் பொட்டலம் கட்டினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் அப்பளம் நமுத்துப் போயிருக்கும். வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் விலையில் 30 விழுக்காடு வரை கழித்துக்கொண்டன. இலையில் லாபம் இல்லாத தொழிலில் முப்பது விழுக்காட்டை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

பெயருள்ளவரும் பெயரில்லாதவரும் அந்த ஒன்றரை ஆண்டில் ஒரே வரிசையில் நின்றார்கள். கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாத அதே வாரங்களில்தான் மலேசியத் தமிழர்களின் முதல் பெரும் சமையல் பிரபலம் பிறந்தார் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த எஸ். பவித்ரா, தோட்டத்தில் வேலை பார்த்த கணவர் எம். சுகுவோடு சேர்ந்து 2020 ஜனவரியில் ‘சுகு பவித்ரா’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார். சின்னச் சமையலறை, கைப்பேசி கேமரா, அன்றாடக் கோழிக்கறி. ஆனால் பவித்ரா பேசியது மலாய். தடுமாறாத, பணிவான, வீட்டுப் பெண்ணின் மலாய். மார்ச்சில் நாடு வீட்டுக்குள் அடைபட்டபோது மலாய்க் குடும்பங்கள் அவரைப் பார்த்துச் சமைக்கத் தொடங்கின. சில வாரங்களில் பின்தொடர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் ஏறினார்கள். அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் தம் உரையில் அவர்கள் பெயரைச் சொன்னார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டில் தமிழர்கள் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். சமைத்ததற்காக ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைப் பிரதமர் சொல்ல, அவர் எந்தக் கடையிலும் வேலை பார்க்காதவராக இருக்கவேண்டியிருந்தது.

அடுத்து வந்தது எதிர்பார்க்கக் கூடியதுதான். 2021 ஜூலையில் குடும்பப் பிணக்கு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. சேனலிலிருந்த காணொளிகள் மறைந்தன. அந்தப் பிணக்கின் விவரம் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. அன்றைய நாளிதழ்களும் சமூக ஊடகமும் வேண்டிய மட்டும் மென்று துப்பிவிட்டன. கவனிக்க வேண்டியது வேறு. ஓராண்டுக்கு முன் ‘நம் பெண்’ என்று கொண்டாடிய அதே ஆட்கள் உடுப்பு, கைப்பை, பேச்சு, தாமதமாக வீடு திரும்பியது என்று எல்லாவற்றிலும் குறை கண்டார்கள். ராம்சி மாமனாரோடு கோர்ட்டுக்குப் போனபோது அவருடைய சமையலை யாரும் சந்தேகிக்கவில்லை. பவித்ராவிடம் ஜனங்கள் ரசித்தது சமையலைவிட அந்தக் குடும்பத்தின் எளிமையை. அதனால் குடும்பம் உடைந்தபோது சமையலும் சேர்ந்து உடைந்ததாக நினைத்தார்கள். கடை இல்லை, முதலீட்டாளர் இல்லை, மேலாளர் இல்லை, வீடே தொழிற்கூடம். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது தப்பாது. பின்னர் பவித்ரா மறுபடியும் கேமரா முன்னால் வந்து சமைத்தார். முதல் காணொளியைப் போடுவதைவிட அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

கேமரா தூக்கிவிடும், கவிழ்க்கவும் செய்யும் என்பதற்குப் பங்சாரில் இன்னொரு சாட்சி உண்டு. 2018 ஏப்ரலில், பேர்பெற்ற வாழையிலைக் கடை ஒன்றின் பின்சந்தில் தொழிலாளர்கள் சாலைக் குழியில் தேங்கிய தண்ணீரில் தட்டு அலம்பும் காணொளி நாடெங்கும் பரவியது. சுகாதார அதிகாரிகள் கடையை இரண்டு வாரம் மூட வைத்தார்கள். சரியான நடவடிக்கை, அதில் வாதமில்லை. ஆனால் அந்தச் சில வினாடிகள் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாழையிலைக் கடைகள் அத்தனையின் மேலும் சேறாகத் தெறித்தன. உள்ளே சுத்தமாக, டைஃபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, தலைக்கு வலை கட்டிச் சமைத்துக்கொண்டிருந்த மாஸ்டர்களும் அதில் சேர்த்தி. நல்ல பேரில் பங்கு கிடைக்காதவர்களுக்குக் கெட்ட பேரில் முழுப் பங்கு கிடைத்தது.

தமிழ்ச் சமையலில் சமையற்காரரின் பெயரை முன்னால் வைத்த முயற்சி கோலாலம்பூரில் நடக்காமலும் இல்லை. 2017-இல் ஜாலான் யாப் குவான் செங் பக்கத்தில் ‘நாடோடி’ என்ற உணவகம் திறந்தார்கள். சூளைக்காரக் கப்பித்தானின் பெயர் கொண்ட அதே சாலை. தமிழகம், கேரளம், இலங்கை உணவுகளைப் பிரித்துப் பிரித்துச் சிறு சிறு தட்டுகளாக, பல படிகளில் பரிமாறினார்கள். தொடக்கத்தில் அடுப்படியை நடத்தியவர்கள் ஜான்சன் எபனேசரும் ஸ்ரீசரண் வெங்கடேஷும். பத்திரிகைகள் அவர்கள் பெயரைப் போட்டு எழுதின. ரசத்தைப் பற்றி மதுவைப் போல வர்ணித்தன. ஜான்சன் பிறகு பெங்களூருக்குப் போய் ‘ஃபார்ம்லோர்’ உணவகத்தைத் தொடங்கினார். அவர் எங்கே போனார் என்று எழுதப்பட்டது. இன்றும் தேடினால் கிடைக்கும். அதே கோலாலம்பூரிலிருந்து அதே ஆண்டுகளில் பெர்மிட் முடிந்து சிவகங்கைக்கோ இராமநாதபுரத்துக்கோ திரும்பிய ஒரு குழம்பு மாஸ்டரைத் தேடினால் கிடைக்காது. இருவருக்கும் தெரிந்தது ஒரே ரசம்.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும்: பெயர் வந்தால் என்ன கிடைக்கும்? பவித்ராவுக்குக் கிடைத்ததுதானே? பெயரில்லாமல் நிம்மதியாக இருப்பது மேல் இல்லையா? மாஸ்டர்களே சிலர் அப்படிச் சொல்லக்கூடும். ஆனால் பெயர் என்பது புகழ் மட்டும் இல்லை. விழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அது. நிறுவனம் திவால் வாசலுக்கு வந்தபோது ராம்சியிடம் பெயர் மிச்சமிருந்தது. அதை வைத்துத் தொலைக்காட்சியில் சம்பாதித்து மறுபடி எழுந்தார், சன்வே வரை வந்தார். மாஸ்டருக்குக் கடை மூடினால் மிச்சமிருப்பது கை மட்டும்தான். அந்தக் கைக்கு அடுத்த கடையில் என்ன சான்று? ‘இன்ன கடையில் இருந்தேன்’ என்று சொல்லலாம். அந்தக் கடையின் பெயரும் முதலாளியுடையது.

இதில் அரசாங்கம் செய்ய வேண்டியது பெரிது: கைத்தேர்ச்சியைப் பரீட்சித்துச் சான்று கொடுப்பது, தேர்ந்த சமையற்காரருக்குப் பெர்மிட் கெடுவைத் தனியாக வகுப்பது, உள்நாட்டுப் பிள்ளைகளைச் சம்பளத்தோடு அவர்களிடம் பயிற்சிக்கு விடுவது. முதலாளிகள் செய்ய வேண்டியது சிறிது: கடைச் சுவரில் சாமி படத்துக்கும் முதலாளியின் தந்தை படத்துக்கும் பக்கத்தில் மாஸ்டரின் படம் ஒன்றை, ஊர் பெயரோடு மாட்டுவது. எதிர்க்கடைக்காரன் இழுத்துக்கொண்டு போவான் என்ற பயம் இருந்தால், அவன் கொடுக்கப்போகும் இருநூறு வெள்ளியை முதலில் தாமே கொடுத்துவிடலாம்.

எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கி வருகிறது. தோட்டத் தொழிலாளர் வரலாறும் தமிழ்ப்பள்ளி வரலாறும் எழுதப்பட்ட அளவுக்குத் தமிழ்ச் சமையலறைகளின் வரலாறு எழுதப்படவில்லை. துறையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வெகு தூரமில்லை. ரஜூலாவிலும் சிதம்பரத்திலும் வந்து இறங்கி, குடியுரிமை பெற்று, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் அடுப்பில் நின்ற பெரியவர்களில் சிலர் எழுபது, எண்பது வயதில் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், யாரிடம் தொழில் கற்றார், எந்த ஆண்டு எந்தக் கடை மூடியது, அதன் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்க் கேட்கவேண்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கு வாழையிலையில் சாப்பிடப் போகிறவர்கள், கை கழுவிய பிறகு கல்லாவுக்குப் போகுமுன் பின்கட்டு வாசல் வரை ஒரு நடை போய், பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அந்த வேலையின் முதல் பக்கம் தொடங்கிவிடும்.